பூச்சில்லாத மரம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அன்றைய கடைசி வண்டிப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். புருஷன். இரண்டு பேராகப் பிடித்து உதறி மடிக்க வேண்டிய விரிப்பு; மறுமுனையைப் பிடித்திருந்தவள் இவள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, "போ, பேசிட்டு வா" என்று தலையை அசைத்தாள்.

அவன் வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. சண்டை போட்டுக்கொண்டெல்லாம் போகவில்லை. வேறு ஊரில் வேலை என்று போனான். வாரம் ஒரு தடவை வந்தான், பிறகு மாதம் ஒரு தடவை வந்தான், அப்புறம் வரவில்லை. அங்கே இன்னொருத்தி இருக்கிறாள் என்பது யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நாள் கழித்து அவனே சொன்னான்.

"ஞாயிற்றுக்கிழமை வரலாம்னு இருக்கேன்," என்றான் போனில். "என்னோட பேஸ் கிடார் அங்கேதானே இருக்கு? இங்கே ஒரு குரூப்ல வாசிக்கக் கூப்பிடறாங்க. வந்து எடுத்துட்டுப் போறேன்."

"இருக்கு."

"நல்லா இருக்கா?"

"இருக்கு," என்றாள் மறுபடியும்.

"அப்பா?"

அதற்கும் அவள் "இருக்கார்" என்றுதான் சொன்னாள். முதலில் கிடார், பிறகு அப்பா என்று அவன் விசாரித்த வரிசையை நினைத்து அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஆனால் சிரிக்கவும் ஒரு தெம்பு வேண்டுமே. போனைப் பையில் போட்டுவிட்டுப் போய் விரிப்பின் முனையைப் பிடித்தாள்.

மாமனார் அவளோடுதான் இருந்தார். மகன் போன பிறகு அவரை வைத்துக்கொள்கிறேன் என்று அவள் சொல்லவும் இல்லை, நான் எங்கே போவேன் என்று அவர் கேட்கவும் இல்லை. சாப்பாட்டு நேரம் வந்தது, இரண்டு தட்டு வைத்தாள். அது அப்படியே தொடர்ந்துவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலைக்காலம் முழுவதும் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தவர் என்பதால், கீழே நிற்கிறவருக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல் கத்தித்தான் பேசுவார். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். அதிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு படுக்கைக்கும் சமையலறைக்குமாக நடப்பார். படி இறங்க முடியாது. வீடு இருந்தது நாலாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. தெரு, ஆள், நாய், மழை எல்லாவற்றையும் அவர் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். பழகின உயரம்தானே என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், "கிரேன்ல ஏறினா சாயங்காலம் இறங்கிடுவாங்கய்யா" என்பார்.

அன்று சாயங்காலம் அவள் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினாள். காலை ஆறு மணிக்கு நிற்க ஆரம்பித்த கால்கள். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வந்துட்டியாம்மா? டீ போட்டு மூடி வெச்சிருக்கேன். ஆறியிருக்கும்."

ஆறித்தான் இருந்தது. அதைக் குடித்துக்கொண்டே அவள் அவர் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்தாள். கட்டிலுக்கு மேலே கொக்கியில் பேஸ் கிடார் தொங்கியது. தொங்கியது என்பதைவிட, அதன்மேல் மற்றதெல்லாம் தொங்கின என்பதுதான் சரி. கழுத்து முனையில் மாமனாரின் ஈரத்துண்டு. அதன்மேல் கம்பளித் தொப்பி. கம்பியை முறுக்கும் ஆணி ஒன்றில் சாவிக்கொத்து. இன்னொன்றில் மூக்குக்கண்ணாடியின் கயிறு.

"ஞாயிற்றுக்கிழமை உங்க பையன் வரார் மாமா. இதை எடுத்துட்டுப் போகணுமாம்."

கிழவர் கிடாரை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "அப்போ என் துண்டை எங்கே போடறது?" என்றார்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கிடாரைக் கீழே இறக்கிக் கட்டில்மேல் கிடத்தினாள். நாலு தடித்த கம்பிகளும் மங்கிப்போயிருந்தன. உடல்கட்டை இன்னும் மோசம். மற்றக் கிடார்களைப்போல அதற்குக் கண்ணாடிப் பளபளப்பு கிடையாது. வார்னிஷ் பூசாத, எண்ணெய் மட்டும் ஊட்டிய வெறும் மரம். கையை வைத்தால் மரத்தின் வரிகள் விரலுக்குத் தெரியும். அவன் வாங்கிக்கொண்டு வந்த அன்று அதைத் தொட்டுப் பார்த்து, "இதுல இன்னும் வேலை பாக்கி இருக்கா?" என்று அவள் கேட்டதும், "இது இப்படித்தான் இருக்கணும்" என்று அவன் முகம் சுருங்கியதும் அவளுக்கு ஞாபகம் வந்தன. இப்போது அந்த மரத்தின்மேல் சமையலறைப் புகையும் தூசியும் சேர்ந்து ஒரு தோல் படிந்திருந்தது. ஈரத்துண்டு பட்டுக்கொண்டே இருந்த இடத்தில் வெளுத்து வறண்டு வெடிக்கப்போவதுபோல் இருந்தது. ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறை. முகர்ந்து பார்த்தாள். வலித்தைலம்.

"மாமா, இதுல தைலத்தைத் தடவினீங்களா?"

"கையில மிச்சம் இருந்தது. எழுந்துபோய்க் கழுவ முடியுமா? அதுல துடைச்சேன்."

அவள் ஒரு பழைய பனியனைக் கிழித்து எடுத்துவந்து உட்கார்ந்தாள்.

"எதுக்கு இப்போ அதை எடுத்து வெச்சுக்கிட்டு?" என்றார் மாமனார். "நின்னு நின்னு கால் வீங்கிப் போய் வந்திருக்க. அவன் போட்டுட்டுப் போன சாமான். அவனே வந்து துடைச்சுக்கட்டும்."

"அழுக்கோட ஒரு சாமானை எடுத்துக் குடுத்து எனக்குப் பழக்கமில்ல மாமா."

அது உண்மைதான். ஆனால் முழு உண்மையல்ல. தன் வீட்டில் எதுவும் கெட்டுப்போகவில்லை, எல்லாம் இருந்தபடியே இருக்கிறது என்று அவனுக்குக் காட்ட வேண்டும் என்ற வீம்பும் அவளுக்குள் இருந்தது. அந்த வீம்புக்கு ஈடுகொடுக்க உடம்புதான் தயாராக இல்லை. காய்ந்த துணியால் துடைத்தபோது பிசுக்கு, நூல் நூலாகத் திரண்டு வந்தது. உடலின் கால்வாசி முடிவதற்குள் அவள் துணியை மடியில் வைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள். முழித்தபோது மாமனாரின் போர்வை அவள் தோளில் கிடந்தது. கட்டிலிலிருந்து எழுந்து அதைப் போர்த்த அவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று நினைத்ததில் அவளுக்கு இன்னும் அசதியாயிற்று.

மறுநாள் வேலைக்குப் போகும்போது கிடாரை அவர் அறை மேசைமேல் வைத்துவிட்டு, "சாயங்காலம் வந்து பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அன்று சலவைக்கூடத்தில் பெரிய உலர்த்தி ஒன்று நின்றுபோனது. ஈர விரிப்புகளைத் தள்ளுவண்டியில் வைத்துப் பக்கத்துக் கட்டடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் வந்தார்கள். இழுத்து இழுத்து அவளுக்குத் தோள்பட்டை இற்றுவிழுவதுபோல் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் சமையலறை முழுக்கத் தண்ணீர். அதன் நடுவில் மாமனார் ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"பார்த்தியா? முடிச்சுட்டேன். உனக்கு ஒரு வேலை குறைஞ்சுது."

பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் கிடார் சாய்ந்திருந்தது. வாக்கரில் மாட்டி இழுத்துக்கொண்டு வந்து, சோப்புப் போட்டுக் கம்பி நாரால் தேய்த்து, குழாயைத் திறந்து அலசியிருந்தார். நல்ல வேளையாகக் கம்பிகளுக்கு அடியில் சத்தத்தைப் பிடித்து மின்சாரமாக்கும் காந்தக் கட்டைகள் பக்கம் தண்ணீர் போகவில்லை. கீழ்ப்பாதிதான் நனைந்திருந்தது. அவள் தொட்டுப் பார்த்தாள். மழமழவென்று இருந்த மரம் சொரசொரவென்று பூனை நாக்குப்போல ஆகியிருந்தது. மரத்தின் மயிரெல்லாம் எழுந்து நின்றது. நார் கீறின இடங்களில் வெள்ளை வெள்ளையாய் வட்டக்கோடுகள்.

மூன்று வருஷத்தில் அவள் அவரிடம் குரலை உயர்த்தியதே இல்லை. அன்று உயர்த்தினாள்.

"யார் உங்களைச் செய்யச் சொன்னது? யார் கேட்டாங்க? நான் என்ன மெஷினா மாமா? அங்கே துடைக்கிறேன், இங்கே துடைக்கிறேன், உங்களைத் துடைக்கிறேன், இப்போ இந்தத் தரையைத் துடைக்கணும். இதுல வழுக்கி மறுபடியும் விழுந்திருந்தா யார் பார்க்கிறது? நான் எத்தனையைத்தான் துடைக்கிறது?"

'உங்களைத் துடைக்கிறேன்' என்பது வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவள் காதில் விழுந்தது. இடுப்பு முறிந்து படுத்திருந்த அந்த ஒன்றரை மாதமும் அவள்தான் அவருக்கு எல்லாம் செய்தாள். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருந்ததால்தான் அதன் பிறகும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிந்தது.

கிழவர் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "சரிம்மா" என்றார், அவர் குரலா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு மெதுவாக. வாக்கரை நகர்த்தி நகர்த்தித் தன் அறைக்குப் போனார். அவள் தரையைத் துடைத்தாள். அழலாம் என்றுகூடத் தோன்றியது. அதற்கும் உட்கார்ந்து நேரம் ஒதுக்க வேண்டும் என்று விட்டுவிட்டாள். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய வறண்ட முழங்காலுக்குக் கீழே எண்ணெய் தேய்த்துவிடுவது வழக்கம். அன்று அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனபோது அவர் தானே குனிந்து, எட்டினவரை தேய்த்துவிட்டுப் படுத்திருந்தார்.

புருஷனோடு ஒரு காலத்தில் டிரம்ஸ் வாசித்தவன் ஒருத்தன் அந்தப் பக்கத்திலேயே பெயிண்ட் கடை வைத்திருந்தான். எப்போதும் எதையாவது விரலால் தட்டிக்கொண்டே இருப்பதால் அவனை எல்லோரும் 'தாளம்' என்றுதான் கூப்பிடுவார்கள். நண்பன் பிரிந்துபோன பிறகு அவன் மனைவியை என்னவென்று அழைப்பது என்று கொஞ்ச காலம் திண்டாடிவிட்டு, பழையபடி 'அண்ணி' என்றே வைத்துக்கொண்டான். மறுநாள் வேலை விட்டு வரும் வழியில் அவள் அவன் கடையில் நின்று, போனில் எடுத்த படத்தைக் காட்டினாள்.

அவன் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"செத்துப் போகல அண்ணி. குளிர்ந்த தண்ணி பட்டதும் மரத்துக்குப் புல்லரிச்சிருக்கு, அவ்வளவுதான்."

"சரியாயிடுமா தம்பி? ஞாயிற்றுக்கிழமை வரார்."

"வரானா?" என்று விரலால் கல்லாப்பெட்டியில் இரண்டு தட்டுத் தட்டினான். "வரட்டும். வார்னிஷ் அடிச்ச கிடாரா இருந்தா தண்ணி மேலோட ஓடியிருக்கும். இது வெறும் மரம். எதைக் குடுத்தாலும் குடிச்சிடும், தண்ணி குடுத்தா தண்ணி, எண்ணெய் குடுத்தா எண்ணெய். முதல்ல நல்லா காய விடுங்க. வெயில்ல வேண்டாம், அடுப்புப் பக்கமும் வேண்டாம். நிழல்ல, ரெண்டு பக்கமும் காத்துப் படற மாதிரி நிறுத்தி வைங்க. காஞ்சதும் இந்த உப்புத்தாள்." தாளை எடுத்து அவள் புறங்கையில் தேய்த்துக் காட்டினான். துணிபோல மென்மையாக இருந்தது. "இருக்கிறதுலேயே நைசு இதுதான். மரத்தோட வரி எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமாவே தேய்க்கணும். குறுக்கே போயிடாதீங்க. அந்தக் காந்தக் கட்டையை டேப் ஒட்டி மூடிடுங்க, தூள் உள்ளே போகக் கூடாது. தைலக் கறைக்கு டர்பன்டைன் கொஞ்சம் துணியில தொட்டு ஒத்தி எடுங்க, ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு. அதுக்கப்புறம் லின்சீட் எண்ணெய், ஆளிவிதை எண்ணெய்தான்."

"பளபளன்னு ஸ்பிரே ஏதோ விக்கிறாங்களே, சோபாவுக்கெல்லாம் அடிப்பாங்களே? அது சீக்கிரம் முடிஞ்சிடுமே."

"அடிச்சா ஒரு வாரம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். அப்புறம் பிசுபிசுன்னு பிடிக்கும். பின்னால எண்ணெய் போட்டாலும் உள்ளே இறங்காது. வேண்டாம் அண்ணி." எண்ணெய் டப்பாவைப் பையில் போட்டுக்கொடுத்தவன், "எண்ணெய்த் துணியை மட்டும் சுருட்டிக் குப்பையில போட்டுடாதீங்க. தானாவே சூடாகிப் பத்திக்கும்" என்றான்.

"அது எனக்குத் தெரியும் தம்பி. எங்க கூடத்துல ஒரு தடவை அப்படித்தான் மசாஜ் அறைத் துண்டு ஒரு மூட்டை புகைஞ்சுது."

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. அந்த ஒரு நாளை அவள் வாரம் முழுவதும் தூங்குவதற்காகவே ஒதுக்கி வைத்திருப்பாள். அன்று எழுந்து கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினாள். சமையலறை மேசைமேல் பழைய போர்வையை விரித்து, கிடாரைக் கிடத்தி, டேப் ஒட்டி, உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தாள். ஒரு கையால் தேய்த்தால் கிடார் நழுவியது. இன்னொரு கையால் பிடித்தால் தோள் வலித்தது. வாக்கரின் சத்தம் கேட்டது. கிழவர் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் கிடாரின் கழுத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கிரேன் நெம்புகோலைப் பிடித்த கை. இன்னும் அசையாமல் பிடித்தது.

அவள் வரி ஓடின பக்கமாகவே தேய்த்துக்கொண்டு போனாள்.

"அன்னிக்கு ஒரு வார்த்தை விட்டுட்டேன் மாமா."

"ஒண்ணா விட்ட? நான் எண்ணலையே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தை மரத்தின்மேலேயே வைத்திருந்தார். "அந்தப் பக்கம் இன்னும் சொரசொரன்னு இருக்கு பாரு" என்றார்.

கறையை ஒத்தி எடுத்தாள். முழுவதும் போகவில்லை, வெளிறிய நிழலாக நின்றுவிட்டது. தூளைக் காய்ந்த துணியால் தட்டித் துடைத்துவிட்டு, எண்ணெயை விரல் நுனியளவு துணியில் எடுத்துத் தடவினாள். தடவத் தடவ, சாம்பல் பூத்துக் கிடந்த மரம் தேன் நிறத்துக்கு மாறியது. உள்ளே ஒளிந்திருந்த வரிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பளபளப்பு ஒன்றும் இல்லை. பசி தீர்ந்த முகம்போல இருந்தது.

"எனக்குத் தேய்க்கிற எண்ணெயைவிட அதுக்கு நல்ல எண்ணெயா வாங்கியிருக்கே," என்றார் கிழவர்.

"உங்களுக்கும் தேய்க்கவா? ஒட்டிக்கிட்டா என்னைக் கேக்கக் கூடாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டு, மரம் குடித்தது போக மேலே நின்ற எண்ணெயையெல்லாம் வேறு துணியால் துடைத்து எடுத்தாள். துணி வழுக்கிக்கொண்டு ஓடும்வரை துடைத்தாள். எண்ணெய்த் துணிகளை ஜன்னலுக்கு வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டாள்.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுத் தாளம் வந்து கம்பிகளை மாட்டிக்கொடுத்தான். மின்சாரத்தில் இணைக்காமல் வாசித்தால் பேஸ் கிடாருக்குச் சத்தமே கிடையாது. அவன் தட்டிவிட்ட கம்பி 'ம்' என்று ஒரு முனகலோடு நின்றது. "இதுக்காடா இத்தனை பாடு?" என்றார் கிழவர். தாளம் அதைத் தூக்கி அவர் மடியில் வைத்து, உடல்கட்டையின் முதுகு அவர் மார்பில் படும்படி சாய்த்து, "இப்போ தட்டுங்க" என்றான். கிழவர் கட்டைவிரலால் தடித்த கம்பியைத் தட்டினார். அவர் புருவம் உயர்ந்தது. மறுபடி தட்டினார்.

"நெஞ்சுக்குள்ள போகுதேடா," என்றார். "கிரேன் மோட்டார் இப்படித்தான் இருக்கும். காதுல கேக்காது, எலும்புல கேக்கும்."

தாளம் போன பிறகும் அவர் அதை வைத்துக்கொண்டு அந்த ஒரே கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் அவர் கட்டில் ஓரத்திலேயே சுருண்டு தூங்கிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். நாலு மாடி ஏறி வியர்த்துப் போயிருந்தான்; கொஞ்சம் தொப்பை போட்டிருந்தது. முன்பெல்லாம் அவள் அவனை 'நீங்க' என்றுதான் பேசுவாள். இப்போது 'நீங்க' என்பது வாயில் வரவில்லை, 'நீ' என்பதும் வரவில்லை. இரண்டையும் தொடாமல் சுற்றி வளைத்தே பேசினாள். "உக்காரலாமே. தண்ணி வேணுமா?"

அவன் அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தான். இடுப்பைப் பற்றி விசாரித்தான். பிறகு கிடாரை எடுத்து மடியில் வைத்து, வலது முன்கையை அதன் விளிம்பில் போட்டான். கை அங்கேயே நின்றது. மெதுவாக உள்ளங்கையால் மரம் முழுவதும் தடவினான்.

"விட்டுட்டுப் போனப்போகூட இப்படி இல்லையே. யார் பண்ணது?"

"கெடுத்தது நான், சரி பண்ணது அவ," என்றார் கிழவர்.

அவன் தலையைக் குனிந்துகொண்டே, "அப்பா, இன்னொண்ணும் கேக்கத்தான் வந்தேன்" என்றான். "வீடு மாத்திட்டோம். தரைத்தளம். படியே இல்ல. பின்னால கொஞ்சம் மண்ணு, ஒரு மரம் இருக்கு. அவளும் கூட்டிட்டு வாங்கன்னுதான் சொல்றா. வரீங்களா?"

கேட்டுக்கொண்டிருந்த மருமகள் அங்கே நிற்கவில்லை. தண்ணீர் டம்ளரை எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய் நின்றாள். இவ்வளவு நாளும் தலையைக் காட்டாதவன் இப்போது வந்து கேட்கிறானே என்று ஆத்திரம் வந்தது. அவர் போக மாட்டார் என்று நினைத்தாள். அப்படி நினைத்தபோதே, போய்விட்டால் நாளை வேலை விட்டு வந்து நேரே படுத்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அதற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. தண்ணீரைத் தானே குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

கிழவர் அவளுக்காகக் காத்திருந்தார். "போகலாம்னு இருக்கேம்மா," என்றார்.

மகன் படியில் எப்படி இறக்குவது என்று தாளத்தைக் கூப்பிட வெளியே போனதும் அவள் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் கத்தினதுனாலதானே மாமா?"

"நீ கத்தினா நான் ஓடிடுவேனா? துறைமுகத்துல நான் கேக்காத கத்தலா?" அவர் வழக்கத்துக்கு மாறாக மெல்லப் பேசினார். "கீழே மண்ணு இருக்குன்னான்மா. நான் தரையில கால் வெச்சு ஒரு வருஷம் ஆச்சு. நீ தூக்கிட்டா போக முடியும்? உன்கிட்ட சொன்னா, முடியலையேன்னு அதுக்கும் ஒரு தடவை வருத்தப்படுவே. அதான் சொல்லல."

இத்தனை நாளில் அவருக்குச் சாப்பிட என்ன வேண்டும், எங்கே வலிக்கிறது என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். வெளியே போக வேண்டுமா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். அவள் அவருடைய துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அதையாவது அவளால் தூக்கத்திலும் செய்ய முடியும்.

மகன் திரும்பி வந்ததும் அவனிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"ஈரத்துணி படக் கூடாது. வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால துடைச்சு வெச்சாப் போதும். வெயில்ல போடக் கூடாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எண்ணெய், கொஞ்சமா. மேலே நிக்கிறதைத் துடைச்சிடணும். அப்புறம் தினமும் ராத்திரி மறக்காம எண்ணெய் தேய்க்கணும், இல்லேன்னா தோல் வெடிக்கும்."

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவைன்னே. இப்போ தினமும்ங்கறியே?"

"கிடாருக்கு ஆறு மாசம். அப்பாவுக்குத் தினமும்."

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். மகனும் சிரித்தான், முகத்தில் அசடு வழிய. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நாற்காலியில் உட்கார வைத்து மகன் ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கிடார் உறையை அவள் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் போனாள். ஒவ்வொரு திருப்பத்திலும் கிழவர் "சாயுது, சாயுது, வலது பக்கம் தூக்கு" என்று கட்டளை போட்டுக்கொண்டே இறங்கினார். கட்டடம் முழுவதும் கதவு திறந்து பார்த்தது. காரில் அவரை உட்கார வைத்து, கிடாரைப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். அவர் அதன் கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி அவள் விரல்களைப் பிடித்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். வண்டி கிளம்பிவிட்டது.

மேலே ஏறி வந்து அவள் தன் படுக்கையில் விழுந்தாள். மறுநாள் காலை அலாரம் அடித்தபோதுதான் எழுந்தாள்.

ஒரு மாதம் போல் கழித்து, ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போனாள். போக வேண்டுமா என்று பலமுறை யோசித்துவிட்டுத்தான் போனாள். கதவைத் திறந்தவள் இவளைவிடக் களைத்துப் போயிருந்தாள். "உள்ளே வாங்க, பின்னால இருக்கார்" என்று வழி விட்டாள். மரத்தடியில் நாற்காலி போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதங்களையும் மண்ணில் புதைத்துக்கொண்டு கிழவர் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் மண். கொஞ்சம் கறுத்திருந்தார்.

"வா வா," என்று கத்தினார். "இவன் ராத்திரி பகல் பார்க்காம அதை வாசிக்கிறான். சத்தம் பெட்டியில வருது, சகிக்கல. மடியில வெச்சுக் கேளுடான்னா கேக்க மாட்டேங்கறான்." பிறகு அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தூங்கறியாம்மா?" என்றார்.

"தூங்கறேன் மாமா."

"பார்த்தா அப்படித் தெரியலையே."

"மூணு வருஷத்துத் தூக்கம். ஒரு மாசத்துல தீருமா?"

அவர் தலையை ஆட்டினார். பக்கத்தில் கிடந்த கல்லில் அவளை உட்காரச் சொன்னார். அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். சலவைக்கூடத்து உலர்த்தி சரியாகிவிட்டதா என்று கேட்டார். ஆகவில்லை என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. தலை சாய்த்தது வரை ஞாபகம். யாரோ தோளைத் தொட்டபோது வண்டி காலியாக இருந்தது.

"கடைசி ஸ்டாப்மா," என்றார் டிரைவர். "எங்கே இறங்கணும்?"

சொன்னாள். அது எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

"அடடா. வீட்ல தேடுவாங்களா?"

"இல்லைங்க," என்றாள். சொன்ன பிறகு, அது உண்மைதான் என்பது அவளுக்கே புதிதாகப் பட்டது. அதில் வருத்தம் இருந்தது. கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. "ஒண்ணும் அவசரமில்ல."

"இதே வண்டிதான் திரும்பும். நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன். உக்காருங்க, இறங்க வேண்டாம்."

அவர் விளக்கை அணைக்காமலே இறங்கிப் போனார். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, கால்களை எதிர் இருக்கைக்கு அடியில் நீட்டிக்கொண்டு, வண்டி திரும்புவதற்காக உட்கார்ந்திருந்தாள்.